ஆஸ்பிரின் குழுவின் 23 பிரசவங்கள்

மரபுவழியாகக் குருதி எளிதில் உறையும் தன்மை கொண்ட பெண்ணுக்குக் கரு கலைந்திருந்தால், அடுத்த கர்ப்பத்தில் ஹெப்பாரின் ஊசி போட வேண்டும் என்போர் பெரிதும் நம்புவது 2004-இல் ‘பிளட்’ இதழில் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வை. ஃபேக்டர் ஃபைவ் லைடன், புரோத்ராம்பின் மரபணு மாற்றம், புரதம் எஸ் குறைபாடு ஆகியவற்றில் ஒன்று இருந்து, பத்தாம் வாரத்துக்குப் பின் ஒருமுறை கருவை இழந்த 160 பெண்கள் அதில் இருந்தனர். எட்டாம் வாரம் முதல் பாதிப் பேருக்கு ஹெப்பாரின் வகையான எனோக்சாபரின் ஊசி 40 மில்லிகிராம், மீதிப் பேருக்கு ஆஸ்பிரின் 100 மில்லிகிராம். ஊசி போட்ட 80 பேரில் 69 பேர் நலமான குழந்தை பெற்றனர்; ஆஸ்பிரின் எடுத்த 80 பேரில் 23 பேர் மட்டுமே.

எல்லோரும் 69-ஐப் பார்த்து வியந்தார்கள். கேள்வி கேட்டிருக்க வேண்டியது அந்த 23-ஐ. மருந்தில்லாத குழு இந்த ஆய்வில் இல்லை. எனவே 86 விழுக்காட்டுக்கும் 29 விழுக்காட்டுக்கும் உள்ள இடைவெளி ஊசியின் வெற்றியா, ஒப்பீட்டுக் குழுவின் விசித்திரமா என்பதை அதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஆஸ்பிரினே கெடுத்தது என்றும் சொல்வதற்கில்லை. காரணம் தெரியாமல் கரு கலைந்துவந்த பெண்களிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட நெதர்லாந்து ஆய்வில், கருவுற்றவர்களில் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தோருள் 61.6 விழுக்காட்டினரும், மருந்தற்ற மாத்திரை எடுத்தோருள் 67 விழுக்காட்டினரும் உயிருள்ள குழந்தை பெற்றனர்.

2023-இல் வெளிவந்த ‘அலைஃப் 2’ ஆய்வின் முடிவுகள் ஐயத்தை இன்னும் வலுப்படுத்துகின்றன. இரண்டோ அதற்கு மேலோ கரு கலைந்த, மரபுவழி உறைதல் கோளாறும் உள்ள 326 பெண்களில் ஊசி போட்டோருள் 72 விழுக்காட்டினரும் போடாதோருள் 71 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். பலமுறை இழந்தவர்களே ஊசியின்றி இந்த அளவை எட்டும்போது, ஒரே முறை இழந்தவர்களிடம் 29 விழுக்காடு என்பதை இயல்பான அடிப்படை நிலையாக ஏற்பது கடினம்.

எதிர்வாதம் ஒன்று கனமானது. முதல் மூன்று மாதங்களின் பெரும்பகுதியில் நஞ்சுக்கொடியின் இடைவெளிகளுக்குள் தாயின் குருதி முழுவீச்சில் பாய்வதில்லை. ஆகவே உறைதலால் வரும் இழப்பு பத்தாம் வாரத்துக்குப் பின்னரே நிகழக்கூடும், பிரெஞ்சு ஆய்வு அந்தப் பெண்களைத்தான் சரியாகத் தேர்ந்தது என்பார்கள். பொறிமுறையாக இது பொருந்துகிறது. ஆனால் 2014-இல் வெளியான ‘டிப்ஸ்’ ஆய்வு கடும் முன்சூல்வலிப்பு, எடை குறைந்த சிசு, கரு இழப்பு, குருதிக்கட்டு ஆகியவற்றைச் சேர்த்தே எண்ணியது. இவற்றில் ஒன்றேனும் நேர்ந்தது, ஹெப்பாரின் வகையான டால்டெபாரின் போட்டவர்களில் 17.1 விழுக்காட்டினருக்கு, போடாதவர்களில் 18.9 விழுக்காட்டினருக்கு. பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை. ஊசியைத் தாமதமாகத் தொடங்கியதே குறை என்ற சமாதானமும் நிற்காது. ‘அலைஃப் 2’ பெண்களை ஏழாம் வாரத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது.

மரபுவழியில்லாத உறைதல் கோளாறான ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்த்தொகுதி வேறு வழக்கு. ஏற்கெனவே காலில் குருதி உறைந்தவருக்குத் தரும் ஹெப்பாரினும் இந்த விவாதத்துக்கு வெளியே. எஞ்சுவோரைப் பொறுத்தவரை, கர்ப்பத்திலேயே புரதம் எஸ் அளந்து குறைபாடு என்று முத்திரையிடும் வழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். நலமான கர்ப்பத்திலும் அதன் அளவு வெகுவாக இறங்கும்.