அறைக்குள் அறை: மாத்தேயுஷ் ஸ்குட்னிக்கும் ஃபிளாஷ் காலமும்

இந்த எபிசோடு ஒரே ஒரு மனிதரைப் பற்றியது. மாத்தேயுஷ் ஸ்குட்னிக். போலந்துக்காரர், பால்டிக் கடலோரம் இருக்கிற கதான்ஸ்க் நகரத்தைச் சேர்ந்தவர், 1976-ல் பிறந்தவர். காமிக்ஸ் வரைவார். பிரவுசர்ல விளையாடுற புதிர் கேம்களும் செய்வார். 'சப்மெஷின்'னு சொன்னா உங்கள்ல சில பேருக்கு உடனே ஞாபகம் வரும். வராதவங்களுக்கும் கதை புரியும், கவலைப்பட வேண்டாம்.

இவரை எடுத்துக்கிட்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2000-களின் முதல் பாதியில் இவர் வரைந்த காமிக்ஸ் புத்தகத்தை இன்னிக்கும் அலமாரியிலிருந்து எடுத்துப் புரட்டலாம். அதே கை, அதே வருஷங்கள்ல செஞ்ச கேமை இன்னிக்கு ஒரு சாதாரண பிரவுசர்ல திறந்தா ஒண்ணுமே வராது. அந்த கேம்களை உயிரோட வெச்சிருக்க அவர் திரும்பத் திரும்ப வேலை பார்க்க வேண்டியிருந்தது. காகிதத்துக்கு அப்படி எதுவும் பண்ண வேண்டியதில்லை.

முதல்ல காமிக்ஸ் பக்கம் ஒரு பார்வை. போலந்து காமிக்ஸ்னா நமக்கு ரொம்ப தூரம்னு நினைக்காதீங்க. லயன்-முத்து காமிக்ஸ் வாசகர்களுக்கு 'தோர்கல்' தெரியும்ல? அதை வரைந்த க்ரெஸெகோர்ஸ் ரோசின்ஸ்கி போலந்துக்காரர்தான். ஆனா அவர் பேர் வாங்கினது பெல்ஜியம், பிரான்ஸ் பக்கம் போய். ஸ்குட்னிக் ஊரிலேயே இருந்து, போலிஷ் மொழியிலேயே வரைந்தார். 'ரெவொலூட்ஸியே', அதாவது 'புரட்சிகள்'னு ஒரு தொடர். தொடக்கத் தொகுப்புகளுக்கு யெஷி ஷிவாக்குடன் சேர்ந்து வேலை பார்த்தார். பழைய காலத்து உடைகள், விசித்திரமான இயந்திரங்கள், மங்கலான நிறங்கள். 'பிளாகி'ன்னு இன்னொரு பாத்திரமும் உண்டு. சுமார் 4 கோடிப் பேர் பேசுற ஒரு மொழியில், காமிக்ஸ் படிக்கிறவங்க கொஞ்சம் பேர்தான். இதை வெச்சே வீட்டு வாடகை கட்டிடலாம்னு யாரும் நம்பியிருக்க மாட்டாங்க.

அப்போ அவர் கைக்கு வந்தது ஃபிளாஷ்.

ஃபிளாஷ் எப்படிப் பிறந்ததுன்னு தெரிஞ்சாதான் இந்தக் கதையோட முடிச்சு புரியும். அது புரோகிராமருக்காகச் செஞ்ச கருவி இல்லை. ஜோனதன் கே என்பவரும் அவருடைய சின்னக் கம்பெனியும் முதல்ல பண்ணினது, பேனாவால் திரையில் வரையறதுக்கான ஒரு மென்பொருள். அந்தக் கணினிகள் சந்தையில் எடுபடலை. படங்களை அசைய வைக்கிற வசதியைச் சேர்த்து, 1996-ல் 'ஃபியூச்சர் ஸ்பிளாஷ் அனிமேட்டர்'னு வெளியிட்டாங்க. மேக்ரோமீடியா அதை வாங்கி ஃபிளாஷ்னு பேர் மாத்துச்சு. 2005-ல் அடோபி மேக்ரோமீடியாவையே வாங்கிடுச்சு. பேரும் முதலாளியும் மாறினாலும் அடி வடிவம் மாறலை: நடுவுல வரையற பலகை, மேலே டைம்லைன். டைம்லைன்ல வரிசையா ஃபிரேம்கள்.

இப்போ ஒரு காமிக்ஸ்காரர் கண்ணால் இதைப் பாருங்க. ஃபிரேம்னா அவருக்கு ஒரு கட்டம். முதல் கட்டத்தில் ஒரு அறை வரையறோம். இரண்டாம் கட்டத்தில் பக்கத்து அறை. முதல் படத்தில் கதவு மேல ஒரு கண்ணுக்குத் தெரியாத பட்டனை வெச்சு, அதுக்குள்ள ஒரே ஒரு வரி எழுதணும்: அழுத்தினா இரண்டாம் ஃபிரேமுக்குப் போய் நில். அவ்வளவுதான், உங்க கையில் இரண்டு அறை உள்ள வீடு தயார். சாவி எடுத்தாச்சா இல்லையான்னு வெச்சுக்க ஒரு வேரியபிள். கதவு திறக்குறதுக்கு ஒரு இஃப். நான் கல்லூரியில் இன்ஜினியரிங் படிச்சப்போ 'ஸ்டேட் மெஷின்'னு ஒரு செமஸ்டர் முழுக்க நடத்தினாங்க. அதையே ஃபிளாஷ் படம் வரையறவங்களுக்குப் பேர்கூடச் சொல்லாம கத்துக்கொடுத்துச்சு.

இந்த யோசனை ஃபிளாஷுக்கும் முந்தினது. 1993-ல் மில்லர் சகோதரர்கள் செஞ்ச 'மிஸ்ட்' கேம், ஆப்பிளோட ஹைப்பர்கார்டில் கட்டப்பட்டது. அதுவும் அட்டைக்கு அட்டை தாவுறதுதான். (ஹைப்பர்கார்டுக்குத் தனியா ஒரு எபிசோடு வேணும். எழுதி வெச்சிருக்கேன்.) 2003-ல் பக்கத்து நாடான செக்கில் யாக்குப் ட்வோர்ஸ்கி, பிராக் கலைப்பள்ளியில் தன்னோட படிப்பு முடிக்கிற வேலையா 'சமோரோஸ்ட்' பண்ணினார். 2004-ல் ஜப்பானில் தோஷிமிட்சு தகாகியோட 'கிரிம்சன் ரூம்' வந்தது. பூட்டின அறைக்குள்ள மாட்டிக்கிட்டு வெளியே வர வழி தேடுற கேம். அது உலகம் முழுக்க ஓடினதுக்கு அப்புறம் இதே மாதிரி நூற்றுக்கணக்கில் வந்துச்சு. பெரும்பாலானவை ஒரே அறை, தலையணைக்கு அடியில் சாவி, முடிஞ்சுது.

2005-ல் ஸ்குட்னிக் 'சப்மெஷின்' முதல் பாகத்தை வெளியிட்டார். பேரு 'தி பேஸ்மென்ட்'. பழைய நிலவறை, துருப்பிடிச்ச குழாய், ஃபியூஸ் பெட்டி. திரையில் மனுஷ உருவமே கிடையாது. ஓரத்தைக் கிளிக் பண்ணினா அடுத்த அறை. நடந்து போற அனிமேஷன் இல்லை, கேமரா நகர்றதும் இல்லை. டக்குனு வெட்டு. பணம் இல்லாததால் அப்படிச் செஞ்சார்னு சில பேர் சொல்லலாம். நான் ஏத்துக்க மாட்டேன். காமிக்ஸ்ல ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் வெள்ளைக் கோடு இருக்குமே, அங்க நடக்கிறதை வாசகர்தான் மனசுல நிரப்பிக்குவார். சப்மெஷின் அறைகளுக்கு நடுவில் இருக்கிறது அந்த வெள்ளைக் கோடுதான். பயம் அங்கதான் உட்கார்ந்திருக்கு.

கதையும் தொடர்கதை எழுதுறவரோட புத்தியில் வந்தது. முதல் பாகம் முடிஞ்சதும் தப்பிச்சுட்டோம்னு நினைப்போம். அடுத்த பாகம் ஆரம்பிக்கும்போது எதிர்ல ஒரு ஆர்கேட் மெஷின் நிக்கும். நாம இவ்வளவு நேரம் விளையாடினது அந்த மெஷினுக்குள்ள. நாம இன்னும் உள்ளேதான் இருக்கோம். நாலாவது பாகமான 'தி லேப்'பில் மூணு இலக்க எண் கொடுத்தா வேற இடத்துக்கு அனுப்புற கருவி வரும். அங்கங்க கிடக்கிற துண்டுச் சீட்டுகள்ல எண்ணைத் தேடணும், மர்ட்டாஃப்னு ஒருத்தர் யாருன்னு ஊகிக்கணும். ரசிகர்கள் வரைபடம் போட்டாங்க, கொள்கை வகுத்தாங்க, சண்டை போட்டாங்க. பத்தாவது பாகம் 'தி எக்ஸிட்' 2015-ல் வந்தது. பத்து முதன்மைப் பாகங்கள், பத்து வருஷம்.

நடுவுல அவர் சும்மா இருக்கலை. பென்சில் கோடு மாதிரியே இருக்கிற 'டேமேர் டவுன்'. 1904-லேயே உலகப்போர் வந்துட்டதா கற்பனை பண்ணிய 'கவர்ட் ஃபிரண்ட்', கரோல் கோன்வெர்ஸ்கியோட சேர்ந்து. பத்து நிமிஷத்தில் புகைப்படங்களுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற பத்துக் குள்ளர்களைக் கண்டுபிடிக்கிற '10 நோம்ஸ்'. எனக்குப் பிடிச்சது டேமேர் டவுன்தான். சப்மெஷின் ரசிகர்கள் கோவிச்சுக்கக் கூடாது.

இலவசமா விளையாடக் கொடுத்துட்டு எப்படிச் சம்பாதிச்சாங்க? ஃபிளாஷ் கேம் மொத்தமும் ஒரே ஃபைலில் அடங்கிடும். யார் வேணும்னாலும் காப்பி எடுத்துத் தங்கள் தளத்தில் போட்டுக்கலாம். இதைத் திருட்டுன்னு புலம்பாம, விளம்பரமா மாத்திக்கிட்டாங்க. ஒரு பெரிய கேம் தளம் முன்கூட்டியே பணம் கொடுக்கும். பதிலுக்குக் கேம் லோடாகும்போது அவங்க லோகோ வரணும், கிளிக் பண்ணினா அவங்க தளத்துக்குப் போகணும். காப்பி எவ்வளவு பரவுதோ அவ்வளவு லாபம். தனி ஆள் ஒருத்தர், பதிப்பாளர் இல்லாம, கடை இல்லாம, உலகம் முழுக்கப் போய்ச் சேர இதைவிட நல்ல வழி அதுக்கப்புறம் வரலைன்னுதான் எனக்குத் தோணுது.

எனக்கு வந்து சேர்ந்ததும் அப்படித்தான். எட்டாம் வகுப்பு படிக்கிறப்போ திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர்ல, எந்தத் தளம்னே தெரியாம விளையாடினேன். 2004-ம் வருஷத்து அரசுக் கொள்கைப்படி நம்ம ஊர்ல 256 கேபிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்ட். அந்த வேகத்திலேயும் இந்த கேம் வந்துடும். காரணம், படங்கள் வெக்டர்; புள்ளி புள்ளியா அனுப்பாம, கோடு எங்கிருந்து எங்கே வளையணும்ங்கிற கணக்கை மட்டும் அனுப்பும்.

சரி, எப்படிச் செத்துச்சு? ஐபோன்ல ஃபிளாஷ் எப்பவுமே ஓடலை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஏன் ஓட விட மாட்டோம்னு ஒரு பகிரங்கக் கடிதமே எழுதினார்: பாதுகாப்பு ஓட்டைகள், பேட்டரி, ஒரே கம்பெனி கையில் இருக்கிற தொழில்நுட்பம். ஒரு புரோகிராமரா அதில் பாதிக்கு மேல சரின்னு நான் சொல்வேன். ஃபிளாஷ் பிளேயர்ல இருந்த ஓட்டைகள் கொஞ்சமில்லை. 2017 ஜூலையில் அடோபி முடிவு தேதியை அறிவிச்சுது. 2020 டிசம்பர் 31-ஓட ஆதரவு நின்னுச்சு. 2021 ஜனவரி 12-லிருந்து பிளேயரே உள்ளடக்கத்தை ஓட்ட மறுத்துச்சு. அந்தத் தேதியை முன்னாடியே கோடுக்குள்ள எழுதி அனுப்பியிருந்தாங்க. வீட்டுச் சொந்தக்காரர் சாவி கொடுக்கிறப்பவே பூட்டு மாத்துற தேதியையும் குறிச்சு வெச்ச மாதிரி.

பிரவுசர்ல வீடியோவுக்கும் அனிமேஷனுக்கும் மாற்று வந்துடுச்சு, எச்டிஎம்எல் 5 இருக்கேன்னு நம்ம ஆட்கள் சொல்வாங்க. ஓட்டுறதுக்கு மாற்று வந்தது, உண்மை. செய்யறதுக்கு? படத்தை வரைஞ்சு, அது மேலேயே ஒரு வரி கோடு எழுதி, ஒரே ஃபைலா ஊருக்கு அனுப்பற அந்த வசதிக்கு ஈடா எதுவும் அத்தனை பேர் கைக்குப் போய்ச் சேரலை.

காப்பாத்தின கதையும் உண்டு. 'ஃபிளாஷ்பாயிண்ட்'னு தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கான கேம்களைச் சேகரிச்சாங்க. ஸ்பான்சர் தளத்தைத் தவிர வேற எங்கேயும் ஓடாதபடி பூட்டின கேம்களுக்கு, அது இன்னும் அதே தளத்தில்தான் இருக்குன்னு நம்ப வைக்க, நடுவில் ஒரு பொய் சர்வரை வெச்சாங்க. இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'ரஃபிள்'ங்கிற எமுலேட்டர், ரஸ்ட் மொழியில் எழுதினது, பிரவுசருக்குள்ளேயே பழைய ஃபைல்களை ஓட்டுது. முதல்ல பழைய ஆக்‌ஷன்ஸ்கிரிப்டைத்தான் அது நல்லாப் புரிஞ்சுக்கிட்டது; புது மொழிநடையில் எழுதினவை ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஸ்குட்னிக் மத்தவங்களை நம்பி உட்காரலை. ஃபிளாஷ் இருந்தப்பவே பெரிய திரைக்கான எச்டி பதிப்புகளை டவுன்லோடா விற்க ஆரம்பிச்சிருந்தார். பிறகு, பத்து வருஷம் துண்டு துண்டா வந்த எல்லாத்தையும் ஒரே கேமா இணைச்சு 2023-ல் 'சப்மெஷின்: லெகசி'னு ஸ்டீமில் வெளியிட்டார். காசு கொடுத்து வாங்கணும், இன்ஸ்டால் பண்ணணும். யாரோ ஒரு எட்டாம் வகுப்புப் பையன் தற்செயலா தடுக்கி விழுறதுக்கு அங்கே வழி கிடையாது. பாகத்துக்கும் பாகத்துக்கும் நடுவில் வருஷக்கணக்கா காத்திருந்த அந்த இடைவெளியும் போயிடுச்சு. இருந்தாலும் நான் வாங்கினேன். பழைய நிலவறை அப்படியே இருக்கு, கோடுகள்தான் இன்னும் கூர்மையா இருக்கு.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, ஃபிளாஷ் நின்னுபோன அதே 2021-ல், அவர் 'ஸ்லைஸ் ஆஃப் சீ'ன்னு ஒரு புது கேமும் கொண்டு வந்தார். முழுக்கக் கையால் வரைஞ்சது. கடல்ல இருந்து வெளியே வந்துட்ட ஒரு சின்னப் பாசி, இயந்திரக் கால் மாட்டிக்கிட்டு, காய்ஞ்சு துருப்பிடிச்ச ஊர்கள் வழியா திரும்பக் கடலைத் தேடிப் போகுது. புதுசா ஆரம்பிக்கிறவங்க இதிலிருந்து ஆரம்பிங்க, அப்புறம் லெகசிக்கு வாங்க. பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வெச்சுக்கோங்க, மூணு இலக்க எண்களைக் குறிச்சு வைக்கணும்.