மெரினா மணல் எங்கிருந்து வந்தது?



டிசம்பர் விடுமுறையில் சென்னைக்குப் போகும் நம் டார்னெய்ட் குடும்பங்கள் ஒரு மாலையாவது மெரினாவுக்குப் போகாமல் திரும்புவதில்லை. சாலையில் இறங்கி அலையைத் தொடுவதற்குள் கால் வலித்துவிடும். கடற்கரையின் சராசரி அகலம் 300 மீட்டர். சில இடங்களில் 400 மீட்டருக்கும் மேல். அந்த மணல்வெளியின் பெரும்பகுதி 150 ஆண்டுகளுக்கு முன் அங்கே இல்லை. அது எப்படி வந்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை அறிந்துகொள்வது நல்லது.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. அந்தக் காலத்தில் கப்பல்கள் கரையை விட்டுத் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலா படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகுகள் அவை. புனித ஜார்ஜ் கோட்டையின் மதிலுக்கு மிக அருகில் கடல் இருந்தது. 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கும் இடம். இன்று அதன் வாசலில் நின்றால் கடல் எங்கோ தூரத்தில் தெரிகிறது.

1861இல் கடலுக்குள் நீளும் ஓர் இரும்புப் பாலத்தைக் கட்டினார்கள். தூண்களின்மேல் நின்ற பாலம் என்பதால் தண்ணீரும் மணலும் அடியில் தாராளமாகப் போய்வந்தன. ஆனால் புயலிலிருந்து கப்பல்களைக் காக்க அதனால் முடியவில்லை. ஆகவே, கடலுக்குள் இரண்டு கல் கரங்களை நீட்டி ஒரு துறைமுகம் கட்டத் தீர்மானித்தார்கள். பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் 1875 டிசம்பரில் அதற்குக் கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வந்த புயல் சுவர்களை உடைத்தது. மறுபடியும் கட்டினார்கள்.

புயலைவிட அமைதியான ஒன்று அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தது. நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையைச் சாய்வாக அடித்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்றில் அது தெற்கே திரும்பும். வடக்கு நோக்கிய மாதங்கள் அதிகம் என்பதால், வருஷக் கணக்கில் பார்த்தால் மணல் வடக்கே போய்க்கொண்டே இருக்கிறது. அந்த வழியின் குறுக்கே கல் சுவர் எழுந்தது. தெற்கே வந்த மணல் அங்கேயே தங்கியது, கடல் பின்வாங்கியது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் அங்கே நடைபாதை அமைத்து, மெரினா என்று பெயரிட்டார்.

துறைமுகப் பொறுப்பில் இருந்த பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் இந்த மணல் பயணத்தை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1913இல் வெளிவந்தது. கரையோர மணல் நகர்வைப் பற்றி உலகில் வந்த ஆரம்பகால ஆய்வுகளில் அது ஒன்று. இன்று கல்லூரிகளில் கடலோர ஆய்வு படிக்கிறவர்களுக்குச் சென்னைத் துறைமுகம் ஒரு பாடம்.

பாடத்தின் மறுபாதி துறைமுகத்துக்கு வடக்கே இருக்கிறது. அங்கே அலைகள் மணலை எடுத்துச் சென்றன. எடுத்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து மணல் வரவில்லை. ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கரை தேய்ந்தது. துறைமுக வேலை தொடங்கியபின் ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் சுமார் 500 மீட்டர் நிலத்தைக் கடல் கொண்டுபோனது. கட்டுமரம் ஏற்றி வைக்கவும் வலை உலர்த்தவும் இருந்த மணல் போனது, பின்பு வீடுகளும் தெருக்களும் போயின. இன்று அங்கே மணலுக்குப் பதில் பாறாங்கல் குவியலும் தூண்டில் வளைவுகளும் நிற்கின்றன. தெற்கே நாம் சுண்டல் வாங்கிச் சாப்பிடும் மணல், வடக்கே மீனவக் குடும்பங்களுக்குப் போய்ச் சேராத மணல்.

யாரும் வேண்டுமென்று இந்தத் தீங்கைச் செய்யவில்லை. கப்பல்களைக் காக்கத்தான் கட்டினார்கள். ஆனால் மணல் எங்கே போகிறது, அதை நம்பி யார் இருக்கிறார்கள் என்பது கணக்கில் வரவில்லை.

நம் நாட்டிலும் இதே கதை உண்டு. 1962 முதல் 1964 வரை ட்வீட் ஆற்றின் முகத்துவாரச் சுவர்களை நீட்டினார்கள். வடக்கே, கோல்டு கோஸ்ட்டின் தென்கோடிக் கரைகள் மணலை இழந்தன. கடைசியில் 2001இல், தேங்கும் மணலை ஆற்றுக்கு அடியில் குழாய் வழியாக மறுபக்கம் சேர்க்கும் முறை வந்தது. வருஷத்துக்குச் சுமார் 5 லட்சம் கனமீட்டர் மணல் இயற்கையாக நகரும் கரை அது. சுவர் தடுத்ததை இன்று பம்புகள் கடத்துகின்றன. 1980களில் கட்டிய துறைமுகத்தால் கடற்கரையை இழந்த புதுச்சேரியில், சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் 2018இல் கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு வைத்தார்கள். மணல் திரும்பி வந்து சேர்ந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் நம் பிள்ளைகளிடம் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால் மருத்துவம், ஐடி, நர்சிங் என்ற பதில்தான் அதிகம். கடலியலும் கரை மேலாண்மையும் ஒரு படிப்பு என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. அலையின் இயற்பியல், மணலின் அளவு, வரைபடம், விக்டோரியாவின் 2018 கடல்சார் மற்றும் கடலோரச் சட்டம், கரையில் வாழும் மக்களோடு பேசுவது எல்லாம் அதில் அடங்கும். நம் மாநிலத்தில் இன்வெர்லாக் கடற்கரை 2012க்குப் பின் 70 மீட்டருக்கு மேல் பின்வாங்கியிருக்கிறது. மெல்பேர்ன், டீக்கின் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, விக்டோரியாவின் கரைகளை ஊர்த் தொண்டர்கள் ட்ரோன் பறக்கவிட்டு அளக்கிறார்கள். பட்டம் இல்லாமலேயே இந்த வேலையில் கைகொடுக்கலாம்.

எரேமியா ஐந்தாம் அதிகாரத்தில், கர்த்தர் கடலுக்கு எல்லையாக மணலை வைத்ததை வாசிக்கிறோம். பாறையை அல்ல, காலடியில் சரியும் மணலை. அந்த எல்லை ஓரிடத்தில் நில்லாமல் ஊர் ஊராக நடந்து போய்த் தன் வேலையைச் செய்கிறது. அதை ஓர் ஊர் பிடித்து வைத்தால் அடுத்த ஊர் எல்லையின்றி நிற்கிறது. நமக்குப் பிறன் யார் என்று கேட்டால், நம் கரையைத் தாண்டி மணல் போகவேண்டிய அடுத்த கரையில் இருப்பவனும்தான்.

அடுத்த முறை சென்னைக்குப் போனால் மெரினாவோடு நிறுத்தாமல், ராயபுரம் தாண்டி எண்ணூர் சாலையிலும் ஒரு மாலை போய் வாருங்கள். அந்தக் கற்களின் மேல் நின்று கடலைப் பாருங்கள். உங்களில் ஒருவருக்காவது, என்ன படிக்கலாம் என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்கட்டும்.