தாளில் கண்ட தலைவரும் நேரில் கண்ட தலைவரும்

அயல்நாட்டுத் தலைவர் ஒருவரைப் பற்றி நாம் கொண்டிருக்கும் கருத்து எங்கிருந்து வந்தது? இக்கேள்வியைத் தம்முள் கேட்டுக்கொள்வோர் மிகச் சிலரே. 'அவர் உத்தமர்', 'இவர் கொடியவர்' என்று தயங்காமல் சொல்லிவிடுகிறோம். அவரை நாம் கண்டதில்லை. அவர் ஆளும் நாட்டில் ஓர் இரவேனும் தங்கியதில்லை. செய்தித்தாள் ஒரு படத்தைக் காட்டிற்று. வானொலி ஒரு குரலைக் கேட்பித்தது. எஞ்சியதை நம் மனமே வரைந்துகொண்டது. வேறு சிலர் உளர். அவர்கள் தலைவரை நேரிற் கண்டவர்கள்; அல்லது அவருடைய ஆணையைத் தம் உடலாலும் வயிற்றாலும் உணர்ந்தவர்கள். அவர்கள் வாக்கே முடிந்த முடிபென்று கொள்வாரும் உண்டு. இவ்விரண்டில் எதை நம்புவது?

இதனை ஆராய்வதற்கு நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பேராக் மாநிலத்தின் தென்கோடியில், பேராக்கையும் சிலாங்கூரையும் பிரிக்கும் பெர்ணம் ஆற்றின் கரையில் உள்ள தஞ்சோங் மாலிம் என்னும் சிற்றூரே தக்க உரைகல்லாக நிற்கிறது.

1922 நவம்பரில் அவ்வூரில் சுல்தான் இட்ரிஸ் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பெற்றது. மலாய்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்குவதே அதன் நோக்கம். மாணவர் பெரும்பாலும் சிற்றூர்களிலிருந்து வந்த உழவர், மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு ஆங்கில அரசு கற்பிக்க எண்ணியது ஒன்று. அவர்கள் தாமே கற்றுக்கொண்டது மற்றொன்று. ஜாவாவிலிருந்து வந்த ஏடுகள் அவர்கள் கைக்கு எட்டின. டச்சு ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்ற சுகர்னோவின் புகழ் அவ்வேடுகளின் வழியே விடுதி அறைகளுக்குள் நுழைந்தது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாணவர் சிலர் சுகர்னோவின் கட்சியில் தம் பெயரையும் பதிந்துகொண்டனர் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அவர்கள் கண்ட சுகர்னோ அச்செழுத்தில் வாழ்ந்த சுகர்னோ. மொழி ஒன்று, குறை ஒன்று, ஆகவே தலைவரும் நமக்குரியவரே என்று அவ்விளைஞர் எண்ணியதில் வியப்பில்லை.

அம்மாணவருள் ஒருவர் இப்ராகிம் யாக்கோப். பின்னாளில் 1938-இல் இளம் மலாயர் சங்கத்தை நிறுவியவர்களுள் அவர் தலையானவர். மலாயாவும் இந்தோனேசியாவும் ஒரே நாடாக வேண்டும் என்பது அவர் கனவு. 1945 ஆகஸ்டில், போர் முடியச் சில நாள்களே இருந்தபோது, அக்கனவு கைகூடுவது போலத் தோன்றிற்று. வியட்நாமிலிருந்து திரும்பும் வழியில் சுகர்னோ பேராக்கின் தைப்பிங்கில் இறங்கினார். இப்ராகிம் யாக்கோப் அவரை நேரிற் சந்தித்தார். ஆயின், நடந்தது வேறு. ஜப்பான் பணிந்தது. ஆகஸ்டு 17-இல் சுகர்னோ இந்தோனேசியாவின் விடுதலையை முழங்கியபோது அதில் மலாயாவுக்கு இடமில்லை. இப்ராகிம் யாக்கோப் இந்தோனேசியா சென்று, 1979-இல் அந்நாட்டிலேயே மறைந்தார். 1963 முதல் 1966 வரை சுகர்னோவின் நாடு மலேசியாவோடு மோதி நின்ற நாள்களில், ஒரு காலத்தில் கல்லூரி விடுதியில் போற்றப்பெற்ற அதே பெயர் இந்நாட்டுச் செய்தித்தாள்களில் பகைவர் பெயராக அச்சாயிற்று. பெயர் ஒன்றே, அதைத் தாங்கி வந்த தாள்தான் மாறியது.

நிற்க. மலாய் மாணவர் கதை இவ்வாறாக, இந்நாட்டின் பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர் கதை எவ்வாறு இருந்தது?

தோட்டப்புறத்தில் எழுத்தறிந்த ஒருவர் செய்தித்தாளைப் படிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்பது வழக்கம். அவ்வாறு கேட்டுக் கேட்டே காந்தியடிகளையும் நேருவையும் அவர்கள் அறிந்தனர். 1943 ஜூலை 2-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் வந்திறங்கியபின் நிலைமை மாறியது. இத்தலைவர் தாளில் மட்டும் வாழ்பவர் அல்லர். மேடையேறி நம்முன் நின்றார். அவர் இந்துஸ்தானியில் பேசியது தமிழில் பெயர்த்துரைக்கப்பட்டது. அதுவரை 'கூலி' என்று அழைக்கப்பட்டவன் சிப்பாய் உடை அணிந்தான். தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். கழுத்திலும் காதிலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தவர் பலர்.

அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. சயாம்–பர்மா ரயில் பாதை போடுவதற்காக ஜப்பானியர் மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட தொழிலாளரைக் கொண்டு சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. காலராவும் பசியும் அடியுமாகப் பல்லாயிரவர் காட்டிலேயே மாண்டனர். இச்செய்தி அன்றைய தாள்களில் வரவில்லை. தாள்கள் யாவும் ஜப்பானியரின் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. வராத செய்தியை மக்கள் வேறு வழியில் அறிந்தனர்: போனவர் திரும்பவில்லை, திரும்பிய சிலர் எலும்பும் தோலுமாய் வந்தனர்.

ஜப்பானியரின் துணையோடு படை திரட்டியவர் நேதாஜி. அந்த ஜப்பானியரே நம்மவரைக் காட்டில் கொன்றவர். அங்ஙனமிருந்தும், தந்தையை சயாமில் பறிகொடுத்த குடும்பங்களிலும் நேதாஜியின் படம் சுவரை விட்டு இறங்கவில்லை. இதனை மக்களின் அறியாமை என்று தள்ளிவிடுதல் பிழையாகும். அவர்கள் நேரில் பெற்ற அனுபவங்கள் இரண்டு. ஒன்று துயரம், அதனை ஜப்பானியர் கணக்கில் எழுதினர். மற்றொன்று மானம்; அதனை நேதாஜியின் கணக்கில் எழுதினர். இரண்டு கணக்குகளும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. கூட்டாளியின் கொடுமைக்குத் தலைவர் எவ்வளவு பொறுப்பாவார் என்ற கேள்வியை அன்றைய தாள்கள் கேட்டிருக்க இயலாது. அன்புகொண்ட நெஞ்சும் கேட்கவில்லை. நேரில் கண்டோரும் எல்லாவற்றையும் ஒருங்கே காண்பதில்லை என்பதற்கு இது சான்று.

இனி மீண்டும் தஞ்சோங் மாலிமுக்கே வருவோம். 1948 ஜூனில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1951 அக்டோபரில் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி பிரேசர் மலைச் சாலையில் கொல்லப்பட்டார். அவர் இடத்திற்கு 1952 பிப்ரவரியில் வந்தவர் ஜெனரல் சர் ஜெரால்டு டெம்ப்ளர். அடுத்த மாதம் 25-ஆம் நாள், தஞ்சோங் மாலிமுக்கு நீர் கொணரும் குழாயைச் செப்பனிடச் சென்ற குழுவினர் கம்யூனிஸ்டுகளின் பதுங்குத் தாக்குதலுக்கு இரையாயினர். துணை மாவட்ட அதிகாரி மைக்கேல் காட்னர் உட்படப் பன்னிருவர் மாண்டனர். காட்னர் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியச் சிறைமுகாமிலிருந்து மரக்குதிரை உத்தியால் தப்பி, நூலாலும் திரைப்படத்தாலும் புகழ்பெற்றவர். அவர் கொலையுண்ட செய்தி லண்டன் தாள்களை எட்டியதும் இச்சிற்றூரின் பெயர் உலகறியலாயிற்று.

இரண்டு நாள் கழித்து டெம்ப்ளர் நேரில் வந்தார். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக் கடுஞ்சொல் வழங்கினார். குற்றவாளியைக் காட்டிக்கொடாத ஊர் முழுவதும் குற்றமுடையது என்பது அவர் துணிபு. நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதிக்கப்பட்டது. கடைகள் இரண்டு மணி நேரமே திறந்தன. பள்ளிகள் மூடப்பட்டன, ஊரைவிட்டு வெளியேறத் தடை, பங்கீட்டு அரிசியும் குறைக்கப்பட்டது. பின்னர் வீடு வீடாகப் படிவங்கள் கொடுக்கப்பட்டன. தெரிந்ததைப் பெயரின்றி எழுதலாம் என்றனர். முத்திரையிட்ட பெட்டிகளில் அவை கோலாலம்பூருக்குச் சென்றன. ஊரின் பிரதிநிதிகள் முன்னிலையில் டெம்ப்ளரே அவற்றைத் திறந்தார். ஏறத்தாழ இரு வாரத்திற்குப் பின் ஊரடங்கு நீங்கியது.

ஈண்டு ஒன்றை உற்றுநோக்க வேண்டும். தலைவர் ஊரைத் தாளில் படித்தார். ஊர் தலைவரை உலைப்பானையில் அறிந்தது.

அதே மனிதர் வெளியுலகிற்கு எவ்வாறு தோன்றினார்? 1952 டிசம்பரில் அமெரிக்க ஏடாகிய 'டைம்' அவர் உருவத்தைத் தன் முகப்பில் பொறித்தது. மக்களின் உள்ளத்தை வெல்வதே போரை வெல்லும் வழி என்ற கொள்கைக்கு அவர் பெயரே அடையாளமாயிற்று. இங்கேயும் அரசின் விளம்பரத் துறை ஓயாது உழைத்தது. வானொலிப் பெட்டிகள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் சென்றன. திரைப்பட வண்டிகள் ஊர்ஊராய்ச் சுற்றின. துண்டுத்தாள்கள் வானிலிருந்து பொழிந்தன. ஆயினும் ஊரையே தண்டித்த முறைக்கு இங்கிலாந்திலும் எதிர்ப்பு எழுந்தது. மலாயாவில் நெடுங்காலம் அரசுப் பணி புரிந்த அறிஞர் விக்டர் பர்செல் 1954-இல் ஒரு நூலெழுதி டெம்ப்ளரின் ஆட்சியைக் கடுமையாகச் சாடினார்.

ஆயின், தஞ்சோங் மாலிமில் பசித்திருந்தவர் வாக்கே முழு உண்மை எனலாமோ? அதுவும் ஆகாது. நீர்க்குழாய் அருகே மாண்ட காவலர்களின் மனைவி மக்கள் அதே ஆணையை வேறு கண்ணால் கண்டிருப்பர். 1952-இல் குடியுரிமைச் சட்டம் தளர்த்தப்பட்டபோது இந்நாட்டில் பிறந்த இந்தியரும் சீனரும் பலர் பயன் பெற்றனர்; அவர்களுக்கு அக்காலம் வேறு பொருள் தந்தது. ஊரடங்கைப் பட்டறிந்தவர் தண்டனையின் கொடுமைக்குச் சிறந்த சாட்சி. அவரே தண்டித்தவரின் வாழ்நாள் முழுமைக்கும் சாட்சி ஆகிவிட மாட்டார்.

ஆகவே நாம் காண்பது இதுதான். தாள் நமக்குத் தொலைவைக் காட்டும். ஆனால் காட்டுபவன் விரும்பியதையே காட்டும். அனுபவம் பொய் சொல்லாது. ஆனால் நாம் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததை மட்டுமே சொல்லும். சுகர்னோவை ஏட்டில் படித்தவர் அவருடைய முடிவுகளைக் காணவில்லை. நேதாஜியை மேடையில் கண்டவர் அவர் கூட்டாளியின் பொறுப்பை அவரோடு சேர்த்து எண்ணவில்லை. டெம்ப்ளரை முகப்புப் படத்தில் கண்டவர் அடைபட்ட கதவுகளைக் காணவில்லை. ஒவ்வொருவரும் கண்டது மெய்யே. ஒவ்வொருவரும் கண்டது பாதியே.

இது தமிழாசிரியர்க்குப் பெரிதும் வேண்டிய பாடம் என்பது என் துணிபு. இன்று மாணவன் கையிலிருக்கும் கருவி, ஒரு நாளில் நூறு அயல்நாட்டுத் தலைவர்களின் முகங்களைக் காட்டிவிடுகிறது. அவர்களை வெறுக்கவோ வணங்கவோ அவனுக்கு ஒரு நொடி போதும். அவனுக்கு நாம் புதுக் கருத்து ஒன்றைத் திணிக்க வேண்டா. மூன்று கேள்விகளைக் கற்பித்தால் போதும். இதைச் சொன்னவர் எங்கே நின்று சொன்னார்? சொல்லாமல் விட்டது யாது? அங்கே வாழ்ந்தவர் சொல்வது யாது?

வாழ்ந்தவரைத் தேடுவதில் காலத்தாழ்வு கூடாது. சயாமுக்குப் போனவர், படையில் சேர்ந்தவர், 1952-இன் ஊரடங்கில் அரை வயிறு உண்டவர் ஆகியோருள் இன்று எஞ்சியோர் மிகச் சிலர். அவர்கள் வாய்மொழியை எழுதி வைத்து, அந்நாளைய தாள்களோடு அருகருகே வைத்துப் பார்க்கும் பயிற்சியை ஒவ்வொரு தமிழ்ப் பள்ளியும் மேற்கொள்ளலாம். பழைய பயிற்சிக் கல்லூரி 1997 முதல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாகத் திகழ்கிறது. ஆசிரியராக அங்கே பயிலச் செல்லும் நம் பிள்ளைகள், ஒரு மாலைப்பொழுதில் நூலகத்தை விட்டு இறங்கி, தஞ்சோங் மாலிமின் பழைய கடைத்தெருவில் நடந்து, அங்குள்ள முதியவர் ஒருவரிடம் அந்நாளைப் பற்றிக் கேட்பார்களாக. கேட்டபின் மீண்டும் நூலகத்திற்குச் செல்வார்களாக.