சில நிமிடமும் பதின்மூன்று ஆண்டும்: சரட் இல்லத்தை விடுதியாக வாசித்தல்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துக் கிளின்டனில் உள்ள சரட் இல்ல அருங்காட்சியகத்துக்கு வருவோர் பெரும்பாலும் ஓர் இரவைத் தேடியே வருகின்றனர். 1865 ஏப்ரல் 14 அன்று ஆபிரகாம் லிங்கனைச் சுட்டுவிட்டுத் தப்பிய ஜான் வில்க்ஸ் பூத்தும் டேவிட் ஹெரால்டும் நள்ளிரவையொட்டி இவ்வீட்டு வாசலில் குதிரைகளை நிறுத்தினர். கால் முறிந்திருந்த பூத் சேணத்தைவிட்டு இறங்கவில்லை. விஸ்கி, தொலைநோக்கி, ஒரு குறுந்துப்பாக்கி ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு சில நிமிடங்களில் இருவரும் இருளில் மறைந்தனர். அந்தச் சில நிமிடங்களை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் இவ்வீட்டை முதலில் விடுதியாகவே படிக்க வேண்டும் என்பது என் வாதம்.

1852இல் ஜான் சரட் கட்டிய இந்த மரவீட்டில் குடும்பமும் குடியிருந்தது, மதுக்கூடமும் நடந்தது, வழிப்போக்கரும் தங்கினர். 1854இல் அஞ்சலகமும் இங்கேயே வந்தது. ஊருக்குச் சரட்ஸ்வில் என்று பெயர் ஏற்பட்டது. தேர்தல் நாளில் இதுவே வாக்குச்சாவடி. முன்பின் தெரியாத ஒருவர் எந்த நேரத்தில் வந்து இறங்கினாலும் யாரும் வியக்காத இடம் கிராமத்தில் இது ஒன்றுதான். உள்நாட்டுப் போர்க்காலத்தில் தென்மாநிலக் கூட்டமைப்பின் இரகசியத் தூதர்களுக்கு வேறு மறைவு எதற்கு? 1862இல் தந்தை இறந்தபின் அஞ்சலகப் பொறுப்பேற்ற இளைய ஜான் சரட்டே அத்தூதர்களுள் ஒருவரானார். சதிக்கென்று புதிதாக எதையும் அமைக்க வேண்டியிருக்கவில்லை. விடுதியின் அன்றாட நடப்பே போதுமானதாக இருந்தது.

லிங்கன் கொலை வழக்கையும் இதே கண்கொண்டு பார்க்கலாம். 1864இல் இளைய ஜானின் தாய் மேரி சரட் விடுதியை ஜான் லாயிடுக்குக் குத்தகைக்கு விட்டு வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தார். துப்பாக்கிகளை எடுத்துவைக்குமாறு கொலை நடந்த நாளில் மேரி தன்னிடம் சொன்னதாக லாயிட் அளித்த சாட்சியம் மேரியைத் தூக்குமேடைக்குக் கொண்டுசென்றவற்றுள் முதன்மையானது. அன்று லாயிட் நிறையக் குடித்திருந்தார். 1865 ஜூலை 7 அன்று மேரி தூக்கிலிடப்பட்டார். அமெரிக்க ஒன்றிய அரசு மரண தண்டனை நிறைவேற்றிய முதல் பெண் அவர். அவருடைய குற்றம் குறித்த விவாதம் இன்றும் அடங்கவில்லை. அச்சாட்சியத்தை எடைபோடுபவர், மது விற்பவரே குடிப்பழக்கம் கொண்டிருந்த இவ்வீட்டின் சூழலை ஒதுக்கிவிட முடியாது.

சரட் குடும்பம் அடிமைகளை வைத்திருந்தது. மேரிலாந்தில் அடிமைமுறை ஒழிந்தது 1864 நவம்பர் 1 அன்றுதான். ஆகவே கட்டப்பட்டதிலிருந்து கொலைவரையிலான இந்த வீட்டின் பதின்மூன்று ஆண்டுகளில் பெரும்பகுதி விடுதலையற்றோரின் உழைப்பையும் உள்ளடக்கியது. கொலையாளியின் பாதையை மட்டும் பின்தொடரும் பார்வையாளருக்கு அவர்கள் கண்ணில் படமாட்டார்கள். இது எனக்குப் பெரிய இழப்பாகவே தோன்றுகிறது.

கொலைக்குப் பின் அஞ்சலகம் சரட் பெயரை இழந்தது. பிற்பாடு ஊர் கிளின்டன் ஆயிற்று. 1965இல் பொது அமைப்பொன்றின் கைக்கு வந்த வீடு 1976இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பூத் எடுத்துச்செல்லாத இரண்டாவது துப்பாக்கி இவ்வீட்டின் சுவருக்குள்ளிருந்து மீட்கப்பட்டது. அச்சுவரின் மறுபுறம் பயணிகள் அமர்ந்து உணவருந்திய கூடம்.