அளவுகோலாய் நின்ற மனிதன்

யுத்தத்தைச் சித்திரமாக்கி வைக்க முனைந்தவர்கள் எல்லாத் தேசங்களிலும் இருந்திருக்கிறார்கள். யுத்தம் ஓய்ந்த மறுநாட் காலையில் எவன் கடை திறந்தான், எவள் உலை வைத்தாள் என்பதைப் பதிந்து வைத்தவர்களோ மிகச் சிலர். தம்புள்ளைக் குன்றின் குகைக்குள், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 18ஆம் நூற்றாண்டில் புதுப்பித்த விகாரைச் சுவரில், எல்லாளனும் துட்டகைமுனுவும் பொருத போர் இன்றும் வர்ணத்தில் நிற்கிறது. அப்போருக்கு நெல் விளைவித்தவன் யாரென்று கேட்டால் அந்தச் சுவருக்கு விடை தெரியாது.

ஆங்கிலேயர் விதித்த புதிய வரிகளைப் பொறாது மாத்தளைப் பகுதியில் கிளர்ந்தெழுந்த ஜனங்கள், 1848 ஜூலை 26ஆந் திகதி, இதே விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். இராணுவச் சட்டம் வந்தது, ஆகஸ்ட் 8ஆந் திகதி கலகத் தலைவர்களில் ஒருவனான புரன் அப்பு கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டான், கலகம் அடங்கியது. இவற்றைப் பதிந்து வைத்திருக்கக்கூடிய, 1839இல் பாரிஸ் நகரில் பகிரங்கமான புகைப்படக் கலைக்கு அப்போது பத்து வயதும் நிரம்பவில்லை. இருபதாண்டுகள் கழிந்து, 1870ஐ ஒட்டிய காலத்தில், அரசாங்கத்தின் பணியாக ஜோசப் லோட்டன் என்பவர் கருவியும் கண்ணாடித் தகடுகளும் கொண்டு அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா முதலிய இடங்களுக்குச் சென்றபோது, அவர் நாடியது பழங்கற்களையே. சிலையின் அருகில் ஊர்மனிதன் ஒருவன் நிற்கிறான் என்றால், கல்லின் உயரத்துக்கு அவன் அளவுகோல், அவ்வளவே. 1875இல் இலங்கைக்கு வந்து குடியேறிய ஜூலியா மார்கரெட் கமரோன் அம்மையார் முகங்களை உற்று நோக்கியவர்தாம். ஆயினும் 1878இல் களுத்துறையில் அவர் எடுத்த குடியானவர் படத்தின் குறிப்பில், சிறுமிக்குப் பன்னிரண்டு வயது, கிழவர் தமக்கு நூறு வயது என்கிறார் என்ற விவரம் உண்டு, பெயர்கள் இல்லை.

நம் காலத்தில் முகத்தோடு பெயரும் சேர்ந்தது. ஆனால் சேர்த்தது கலையன்று. 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையின் சிறு படத்தையும் ஆளின் முகத்தையும் சிப்பாய் மாறி மாறிப் பார்த்த உள்நாட்டு யுத்தகாலச் சோதனைச் சாவடிகளில், புகைப்படம் என்பது வழிவிடுவதற்கு அத்தாட்சியாயிற்று.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும், குருநாகல் வழியே திருகோணமலை போகும் ஏ6 வீதியும் சந்திக்கும் தம்புள்ளையில், 1999இல் விசேட பொருளாதார மத்திய நிலையம் என்ற மொத்தச் சந்தை திறக்கப்பட்டது. 2002இல் திறந்த ஏ9 வடக்குப் பாதை 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடுண்டு, 2009இல் அந்த யுத்தம் முடிந்த பிறகே நிலையாகத் திறந்தது. பின்னிரவில் லொறியின் பின்பலகை இறங்கியதும், தோளில் சாக்குத்துண்டு போட்ட நாட்டாமி குனிந்து முதுகைக் கொடுக்க, மேலே நிற்பவன் வெங்காய மூட்டையைச் சரித்து வைக்கிறான். உதிர்ந்த சருகு வியர்த்த கழுத்தில் ஒட்டிக்கொள்ள, அவன் தராசை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போகிறான். விலை பேசும் வாய்களில் சிங்களமும் தமிழும் ஒன்றையொன்று இடறாமல் கலக்கின்றன. யுத்தத்திலிருந்து மீளும் ஒரு நாட்டுக்கு இதைவிட நேரான சித்திரம் கிடைப்பது அரிது.

இத்தகைய படத்தில் வியப்பென்ன என்று கேட்பவர், அதே ஏ9 வீதியில் வடக்கே சென்று, 2017 பெப்ரவரி 20ஆந் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலருகே தொடர் போராட்டம் தொடங்கியபோது அவர்கள் மடியில் இருந்த படங்களை எண்ணிப் பார்க்கலாம். அடையாள அட்டைக்கு எடுத்தவை, கலியாண வீட்டுக் கூட்டத்திலிருந்து ஒருவரை மட்டும் பிரித்துப் பெருப்பித்தவை: எடுத்த நாளில் அவை யாவும் சாதாரணப் படங்களே. ஆதலால் சந்தையில் கருவியை உயர்த்துகிறவர், வெளிச்சத்தைச் சரிபார்ப்பதற்கு முன் அந்த நாட்டாமியின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். ஒரு பிரதியை அவன் வீட்டுக்கும் கொடுக்கட்டும்.