அடுத்து எந்தக் கத்தி வாங்கறது?

எங்க கட்டுத்தறியில தீவன மூட்டைக்குப் பின்னால ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்குது. பால் பணத்துல சில்லறை மிஞ்சினா அதுல போட்டு வைப்பேன். நேத்து எண்ணிப் பார்த்தேன், 3,400 ரூபாய் சேர்ந்திருக்குது. அது கத்தி வாங்கறதுக்குன்னே சேர்த்த பணம். "ஒரு மடக்குக் கத்திக்கா இத்தன யோசனை? கெணத்து மோட்டார் வாங்கறப்பக் கூட நீங்க இப்படி யோசிக்கலையே"ன்னு வீட்டுல கேக்கறாங்க.

யோசிக்கறதுக்குக் காரணம் இருக்குதுங்க. போன ஐப்பசி மழையில, ராத்திரி நேரம், கிடாரிக் கன்னு ஒண்ணு கயித்தைக் கழுத்துல சுத்திக்கிட்டு விழுந்துடுச்சு. நைலான் கயிறு. முடிச்சு இறுகிப்போய் விரல் நுழையல. பாக்கெட்டுல இருந்த கத்தியை எடுத்து அறுத்தேன். சந்தையில 60 ரூபாய்க்கு வாங்கினது, கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும். கயித்து மேல வழுக்கிச்சே ஒழிய ஒரு இழை அறுபடல. வீட்டுக்கு ஓடி அருவாளை எடுத்துட்டு வர்றதுக்குள்ள கன்னு அடங்கிப்போச்சு. எட்டு மாசக் காங்கேயம் கன்னு. அந்தக் கத்தியைக் கிணத்துல வீசிட்டேன். தப்பு கத்தி மேல மட்டும் இல்லைன்னு அப்பவே தெரியும்.

எங்க அய்யன் இடுப்புல ஒரு கத்தி இருந்தது. அப்பாரு அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் தேர்ச் சந்தையில வாங்கினது. மாடு வாங்கப் போனவர் மாடு படியாம கத்தியோட திரும்பினாராம். இலையில 'ஷெஃபீல்டு, இங்கிலாந்து'ன்னு எழுதியிருக்கும். அய்யன் தினமும் தண்ணித் தொட்டிக் கல்லுல நாலு இழுப்பு இழுப்பார். வேப்பங்குச்சி ஒடிக்க, நுங்கு சீவ, மூட்டைச் சணல் அறுக்க எல்லாம் அதுதான். தீட்டித் தீட்டி வேப்பிலை அகலத்துக்குத் தேஞ்சு, கடைசியில வில்லும் ஒடைஞ்சுபோச்சு. இப்பவும் பீரோவுல இருக்குது.

எங்கியோ இருக்கற ஷெஃபீல்டுல செஞ்ச கத்தி அந்தியூர்ச் சந்தைக்கு எப்படி வந்ததுன்னு தேடிப் படிச்சேன். படிச்சா, கதை எங்க பக்கத்துலயே ஆரம்பிக்குது.

எங்க ஊர்ல இருந்து வண்டியில போனா கொடுமணல் அரை மணி நேரம். சென்னிமலைக்கு மேக்கால, நொய்யலோட வடகரையில இருக்குது. பதிற்றுப்பத்துல கொடுமணம்னு வர்ற ஊர் இதுதான்னு சொல்றாங்க. 1985-ல இருந்து தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரங்க தோண்டினப்ப, கல்மணி செஞ்ச இடங்களோட இரும்பு உருக்கின உலைகளும் கசடும் கிடைச்சது. 2,000 வருசத்துக்கு முந்தியே மூசையில வச்சு எஃகு காய்ச்சியிருக்காங்கன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. அந்தக் காட்டுல நடந்தா இன்னைக்கும் காலுல கசடு இடறும்.

மூசையில எஃகு காய்ச்சற வேலை நம்ம ஊர்ப்பக்கம் 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் இருந்தது. அதைப் பார்த்த வெள்ளைக்காரங்க எழுதி வச்சிருக்காங்க. தேனிரும்பைத் துண்டு துண்டா வெட்டி, மண் மூசையில போட்டு, கூடவே காஞ்ச ஆவாரங்குச்சியைப் போடணும். மேல எருக்கிலையை வச்சு மூடி, வாயைக் களிமண்ணால அடைச்சிடணும். இப்படி 20, 24 மூசையை ஒண்ணா அடுக்கி, கரியை மூடி, துருத்தியில ரெண்டரை மணி நேரம் ஊதணும். ஆற வச்சு மூசையை உடைச்சா உருண்டையா எஃகு இருக்கும். ஆவாரமும் எருக்கும் எங்க வேலியில சும்மா நிக்கற செடிங்க. ஆடுகூட எருக்கைத் தொடாது. அந்தக் குச்சியும் இலையும் கரியா மாறி இரும்புக்குள்ள போறதுதான் அதை எஃகு ஆக்குதுன்னு படிச்சப்ப, வேலியை ஒருக்காப் போய்ப் பார்த்துட்டு வந்தேன்.

இந்த எஃகைத்தான் வெள்ளைக்காரங்க 'ஊட்ஸ்'னு சொன்னாங்க. கன்னடத்துல உக்கு, நம்ம உருக்கு, அதுல இருந்து வந்த பேருன்னு சொல்றாங்க. 1794-ல பம்பாயில இருந்த ஹெலனஸ் ஸ்காட்டுங்கற டாக்டர் லண்டனுக்குக் கொஞ்சம் அனுப்பினார். அடுத்த வருசமே ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ஞ்சு ராயல் சொசைட்டியில கட்டுரை வாசிச்சார். அந்த ஆராய்ச்சிக்காக ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுங்கற கத்தி செய்யறவர் அந்த உருக்கை அடிச்சு ஒரு பேனாக்கத்தி செஞ்சு பார்த்தார். நம்ம எஃகை அங்க சோதிச்சுப் பார்க்க அவங்க செஞ்சது வாளில்லைங்க, பாக்கெட்டுல வைக்கற சின்னக் கத்தி. பின்னாடி அதே ஸ்டோடார்ட்டோட மைக்கேல் ஃபாரடே சேர்ந்துக்கிட்டார். மின்சார மோட்டாருக்கு வழிகாட்டின அதே ஃபாரடேதான். அவங்க அப்பா ஒரு கொல்லர். ஊட்ஸ் மாதிரி எஃகு செய்யணும்னு ரெண்டு பேரும் 1818-ல இருந்து சில வருசம் பாடுபட்டாங்க.

இன்னொருத்தர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுட்டு, 1830-ல பரங்கிப்பேட்டையில இரும்பு ஆலை வச்சார். தாது சேலத்துல இருந்து போச்சு. ஆலை நட்டம். இங்கிலாந்துக்குத் திரும்பி, எஃகுல மாங்கனீஸ் சேர்க்கற முறைக்கு 1839-ல காப்புரிமை வாங்கினார். அதனால ஷெஃபீல்டுல நல்ல எஃகோட விலை இறங்குச்சு. பலன் மத்தவங்களுக்குப் போச்சு. அவர் கேஸ் நடத்தியே ஓஞ்சு 1851-ல செத்துப்போனார். நம்ம மூசைக்காரங்களுக்கும் அதே காலம்தான். காடு சுருங்கி அடுப்புக்கரி கிடைக்கறது கஷ்டமாச்சு, கப்பல்ல வந்த இரும்பு மலிவாச்சு, உலை ஒண்ணொண்ணா அணைஞ்சுது. அப்புறம்தான் ஷெஃபீல்டுக் கத்தி சந்தைக்குச் சந்தை வந்தது. எங்க அப்பாரு கையில இருந்தது அதுல ஒண்ணு.

எஃகு காய்ச்சறது நின்னாலும் அடிக்கறது நிக்கல. என் சின்ன வயசுல எங்கூர்ல ரெண்டு கொல்லுப்பட்டறை. கொழு, அருவாள், களைக்கொத்து எல்லாம் அங்கதான். கூலி களத்துமேட்டுல சோளமாப் போயிரும். அதை நிறுத்தினது ஷெஃபீல்டு இல்லைங்க, நம்ம பனியன்தான். 80-கள்ல இருந்து சாயத்தண்ணி நொய்யல்ல இறங்குச்சு. 1992-ல கட்டின ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதிலா சாயத்தைத்தான் தேக்குச்சு. 2011-ல ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற வரைக்கும் போச்சு. ஆத்தோரம் வெள்ளாமை போனா அருவாள் யாருக்கு வேணும்? ஒரு பட்டறை மூடிடுச்சு. இன்னொரு ஆசாரியோட பையன் திருப்பூர்ல கட்டிங் மாஸ்டர். மிசின் கத்தியில ஒரே தடவையில நூத்துக்கணக்கான துணி வெட்டறான். நல்ல சம்பளம். அவனைக் குத்தம் சொல்ல எனக்கு வாயில்லை. என் பையனும் அங்கதான் செக்கிங்குல இருக்கறான்.

சரி, 3,400 ரூபாய்க்கு வருவோம்.

முதல்ல நெனச்சது சுவிஸ் கத்தி. 1884-ல கார்ல் எல்சனர் இபாக்குங்கற ஊர்ல பட்டறை வச்சார். 1891-ல சுவிஸ் ராணுவத்துக்குச் சிப்பாய்க் கத்தி வேணும்னப்ப, முதல் சரக்கு ஜெர்மனியில இருந்துதான் வந்தது. நம்ம நாட்டுச் சிப்பாய்க்கு நாமதான் செய்யணும்னு அவர் பிடிவாதமா நின்னு செஞ்சார். துருப்பிடிக்காது, திருப்புளி இருக்கும், சொட்டுநீர்க் குழாய் வேலைக்கு உதவும்.

ரெண்டாவது பிரான்சு நாட்டு ஒப்பினெல். 1890-ல சவாய் மலையில, கோடாலி, அருவாள் செய்யறவர் பையன் ஜோசப் ஒப்பினெல் செஞ்சது. மரப்பிடி, ஒரே இலை. 1955-ல இருந்து இலை தானா மடங்கி விரலை வெட்டாம இருக்க ஒரு வளையம் சேர்த்திருக்காங்க. கார்பன் எஃகுலயும் கிடைக்குது. துருப்பிடிக்கும், எண்ணெய் போடணும். ஆனா தொட்டிக் கல்லுல நாலு இழுப்புல கருக்கு வந்துரும். என் வேலைக்கு அதுதான் முக்கியம். பளபளப்பை நம்பி ஒரு கன்னு போனது போதும்.

கத்தி வச்சிருக்கறது தப்பில்லையான்னு டவுன்ல இருக்கறவங்க கேக்கலாம். ஆயுதச் சட்டத்து விதிப்படி 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருந்தாத்தான் லைசென்ஸ் பேச்சே வரும். விவசாயத்துக்குன்னும் வீட்டு உபயோகத்துக்குன்னும் செஞ்சதை அதுல சேர்க்கல. அதுக்காகக் கோர்ட்டுக்கும் ஏர்போர்ட்டுக்கும் கொண்டுபோகாதீங்க.

போன வாரம் ஆசாரி வீட்டுக்குப் போனேன். எழுவது தாண்டிட்டார். பட்டறையில ஆட்டுக்குட்டி கட்டியிருந்தது. மடக்குக் கத்தி ஒண்ணு அடிச்சுத் தர்றீங்களான்னு கேட்டேன்.

"மடக்கறது மட்டும் கேக்காதீங்க தம்பி. ஆணி இறுக்கற கையி நடுங்குது. லாரிப் பட்டை ஒரு துண்டு கொண்டாங்க, நேர்க்கத்தி அடிச்சுத் தர்றேன். தோய்ச்சல் பார்க்கற கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்குது"ன்னார். அப்புறம் அவரே கேட்டார்: "எதுக்கு வேணும்?"

கன்னு விசயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "அதுக்கெதுக்கு மடக்கற கத்தி? கட்டுத்தறிக் கம்பத்துல ஆணி அடிச்சு மாட்டி வைங்க. கயிறு இருக்கற இடத்துல கத்தி இருக்கோணும்."

இத்தன படிச்சும் எனக்கு அது தோணலை பாருங்க.

அதனால இப்படி முடிவு பண்ணியிருக்கறேன். முதல் பணம் ஆசாரிக்கு. இரும்புக்கடையில பட்டை வாங்கியாச்சு. வர்ற புதன்கிழமை ஆட்டுக்குட்டியை அவிழ்த்துட்டு உலை மூட்டறோம். துருத்தி நான் போடறேன். அவர் பையனும் லீவு போட்டுட்டு வர்றேன்னிருக்கறான், சம்மட்டி அடிக்க. மிச்சப் பணம் பாட்டிலுக்கே போகுது. தைக்குள்ள சேர்ந்துட்டா பாக்கெட்டுக்கு ஒப்பினெல், கார்பன் எஃகுல. சுவிஸ் கத்தி அதுக்கடுத்த வருசம், மாடு நல்லாக் கறந்தா.

நைலான் கயித்தையும் மாத்தறேன். எல்லாத்துக்கும் முன்னால செஞ்சிருக்க வேண்டியது அதுதான்.