கார் ஹீட்டர்: கடுங்குளிரில் வெப்பமும் பார்வையும்

பெட்ரோல், டீசல் கார்களில் எஞ்சின் வீணாக்கும் வெப்பத்தைப் பிடித்து, உள்ளே இருப்பவர்களுக்கும் முன்கண்ணாடிக்கும் கொடுக்கும் அமைப்பே கார் ஹீட்டர். எரிபொருளில் அடங்கிய ஆற்றலில் சிறு பங்குதான் சக்கரத்தைச் சேர்கிறது. மீதியில் பெரும்பகுதி புகையோடும் ரேடியேட்டர் நீரோடும் சூடாக வெளியேறிவிடுகிறது. எஞ்சினின் இந்த ஊதாரித்தனத்தை நம்பித்தான் குளிர்நாட்டுக் கார்கள் நூறாண்டுகளாக ஓடின. எஞ்சின்கள் சிக்கனமாகி, பிறகு மின்மோட்டாருக்கு இடம்விடத் தொடங்கியபோது, இலவசமாகக் கிடைத்துவந்த அந்த வெப்பத்துக்கு விலை வந்தது.

குளிர் மைனஸ் 30 டிகிரிக்கு இறங்கும் ஊர்களில் ஹீட்டரைச் சொகுசுப் பொருளாக யாரும் கருதுவதில்லை. கம்பளிக் கோட்டும் கையுறையும் இருந்தால் உடல் எப்படியோ தாங்கிவிடும். கண்ணாடி தாங்காது. பயணிகளின் மூச்சில் உள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியின் உட்புறம் பட்டதும் படலமாகி, நொடிகளில் உறைந்துவிடும். வெளிப்புறத்தில் இரவில் படிந்த பனி கெட்டியாக ஒட்டியிருக்கும். பாதை தெரியாத ஓட்டுநரின் கையில் எவ்வளவு நல்ல காரும் ஆபத்துதான். ஆகவே ஹீட்டரை எடைபோட வேண்டிய இடம் கால்மிதியடி அல்ல, முன்கண்ணாடி. கார் செய்தவர்கள் இதை உணர வெகுகாலம் பிடித்தது.

தொடக்ககால அமெரிக்கக் கார்கள் திறந்தவை. பயணிகள் குதிரைவண்டிக் காலத்து வழக்கத்தையே தொடர்ந்தார்கள்: மடியில் தடித்த விலங்குத்தோல் போர்வை, காலடியில் கரிக்கட்டி கனலும் தகரப்பெட்டி. கார் ஹீட்டரைக் கண்டுபிடித்தவர் சிகாகோவின் மார்கரெட் வில்காக்ஸ் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். 1893இல் அவர் பெற்ற காப்புரிமை ரயில்பெட்டியைச் சூடாக்கும் அமைப்புக்கானது. மோட்டார் கார் அப்போது அமெரிக்காவில் எட்டிப்பார்த்த பருவம். அவருடைய திறமைக்கு இதனால் குறைவில்லை, ஆனால் வரலாற்றில் அவரை அமர்த்த வேண்டிய இடம் வேறு. கண்ணாடிப் பக்கத்தில் முதல் பெரிய அடியை வைத்தவரும் ஒரு பெண்ணே. அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் நியூயார்க்கில் பனிமழை பெய்யும்போது டிராம் ஓட்டுநர் படும் பாட்டைப் பார்த்து, உள்ளிருந்தே நெம்புகோலால் இயக்கும் வைப்பரை வடிவமைத்து 1903இல் காப்புரிமை பெற்றார். அதை வாங்க எந்த நிறுவனமும் முன்வரவில்லை.

கூரையும் கதவும் கொண்ட மூடிய கார்கள் 1920களில் பெருகியபோதுதான் உள்ளே வெப்பத்தைத் தேக்கிவைப்பது சாத்தியமாயிற்று. முதலில் கைக்கெட்டியது புகைக்குழாய். ஃபோர்டு மாடல் ஏ போன்ற கார்களில் சூடான புகைக்குழாயைச் சுற்றி உறை போட்டு, அதனூடே காற்றைச் செலுத்தி, காலடியில் திறந்துவிட்டார்கள். சீக்கிரம் சூடாகும் எளிய ஏற்பாடு இது. ஆனால் குழாயில் ஓர் ஓட்டை விழுந்தால் போதும், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும். குளிருக்குப் பயந்து கண்ணாடிகளை இறுக மூடியவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம் என்பதுதான் கொடுமை.

இதற்கு மாற்றாக வந்தது வெந்நீர் ஹீட்டர். எஞ்சினைக் குளிர்வித்துச் சூடேறிய நீரின் ஒரு கிளையை டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் ஓடவிட்டு, பின்னால் மின்விசிறி வைத்தார்கள். இன்றைய ஹீட்டரும் அடிப்படையில் இதுவே. இந்த முறை நிலைபெறக் கைகொடுத்த இரண்டு துணைப்பொருள்களை வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. ஒன்று எத்திலீன் கிளைக்கால் என்னும் உறைதடுப்புத் திரவம். பிரெஸ்டோன் என்ற பெயரில் அது 1927இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் ரேடியேட்டரில் ஊற்றிவந்த ஆல்கஹால், எஞ்சின் சூடேறியதும் ஆவியாகிக் குறைந்துவிடும். மற்றொன்று தெர்மோஸ்டாட். எஞ்சின் போதிய சூடு அடையும் வரை நீரைப் பெரிய ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அது தடுக்கிறது. திறந்தபடியே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் உள்ள காரில், எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் ஹீட்டர் வெதுவெதுப்பைத் தாண்டாது. கனடாவின் சமவெளிப் பகுதிகளில் ரேடியேட்டருக்கு முன்னால் அட்டையையோ மெத்தை உறையையோ கட்டி ஓட்டுவதும் அந்த வெப்பத்தைக் காப்பாற்றத்தான்.

அடுத்த பாய்ச்சல் விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷா நகரில் நடந்தது. அங்கிருந்த நாஷ் நிறுவனம் 1938ஆம் ஆண்டு மாடல்களில் வெளிக்காற்றை உள்ளிழுத்து, வடிகட்டி, வெந்நீர்ச் சுருளில் சூடாக்கி அனுப்பும் அமைப்பைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே வெப்பத்தைத் தானாகச் சீராக்கும் கருவியும் சேர்ந்தது. வெதர் ஐ என்ற பெயரில் அது புகழ்பெற்றது. அதுவரை பெரும்பாலான ஹீட்டர்கள் காருக்குள் இருந்த காற்றையே சுற்றிச்சுற்றிச் சூடாக்கின. மூச்சின் ஈரம் வெளியேற வழியில்லாததால் கண்ணாடி மங்கிக்கொண்டே இருந்தது. நாஷ் உள்ளே இழுத்ததோ கடுங்குளிர்க் காற்று. அதில் ஈரம் மிகக் குறைவு. அதைச் சூடாக்கினால், ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளக் காத்திருக்கும் காற்று கிடைக்கும். பனிக்காலத்தில் உட்காற்றுச் சுழற்சிப் பொத்தானை அழுத்திவைக்க வேண்டாம் என்று இன்றும் சொல்லப்படுவதன் காரணம் இதுதான்.

காற்றால் குளிரும் எஞ்சினுக்கு வெந்நீர் ஏது? ஃபோக்ஸ்வாகன் பீட்டில் எஞ்சினைப் பின்னால் வைத்து, புகைக்குழாயைச் சுற்றிவந்த காற்றைக் கதவுக்கு அடியிலுள்ள உள்ளீடற்ற சட்டங்கள் வழியே முன்னால் அனுப்பியது. பயணம் நெடியது, வழியெல்லாம் வெப்ப இழப்பு. சாலையில் தூவும் உப்பு அந்தச் சட்டங்களை அரித்துத் துளைத்துவிட்டால், முன்கண்ணாடிக்கு வந்துசேர்வது வெறும் காற்றுதான். பனிச்சுரண்டியைக் காருக்குள்ளேயே வைத்து, உட்புறக் கண்ணாடியைச் சுரண்டியபடி ஓட்டிய பீட்டில்காரர்கள் பலர். குளிர்நாடுகளுக்காக, தனியே பெட்ரோல் எரித்துச் சூடாக்கும் எபர்ஸ்பேக்கர் ஹீட்டரைக் கூடுதல் விலைக்குப் பொருத்தினார்கள்.

எஞ்சினே கிளம்பாவிட்டால் ஹீட்டரால் என்ன பயன்? வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன், எஞ்சினின் தலைப்பகுதி போல்ட்டுக்குப் பதிலாகச் செருகக்கூடிய மின்சூடேற்றியை உருவாக்கி 1949இல் காப்புரிமை பெற்றார். இன்று கனடாவின் வினிபெக்கிலும் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸிலும் கார்களின் முகப்பில் மின்வயர் தொங்குவதும், பின்லாந்தின் வாகன நிறுத்தங்களில் வரிசையாகப் பிளக் கம்பங்கள் நிற்பதும் இந்த எண்ணத்தின் நீட்சி. முன்பே சூடான எஞ்சின் கிளம்பியவுடன் கண்ணாடிக்கு வெப்பம் தரும். சைபீரியாவின் யாகுட்ஸ்கில் ஜனவரிச் சராசரி மைனஸ் 40ஐ ஒட்டி நிற்கும். அங்கே காரைத் தடித்த மெத்தை உறையால் போர்த்துகிறார்கள், மணிக்கணக்கில் எஞ்சினை அணைக்காமல் விடுகிறார்கள், ஜன்னல் கண்ணாடிகளின் மேல் இரண்டாவது கண்ணாடியை ஒட்டி இடையில் காற்றை அடைக்கிறார்கள். இந்த இரட்டைக் கண்ணாடி, அந்த ஊர் மக்களின் அறிவுக்குச் சான்று.

அரசுகள் கண்ணாடியை அளக்கத் தொடங்கியது 1960களின் இறுதியில். அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதிகளில் 103ஆம் விதி, பனிநீக்கும் வசதியைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவின் 1978ஆம் ஆண்டு நெறிமுறை இன்னும் விரிவானது. காரை மைனஸ் 8 அல்லது மைனஸ் 18 டிகிரி அறையில் உறையவிட்டு, கண்ணாடியில் சதுர சென்டிமீட்டருக்கு 0.044 கிராம் பனி படியும்படி நீர் தெளித்து, எஞ்சினைக் கிளப்புவார்கள். 20 நிமிடத்தில் ஓட்டுநர் எதிரே உள்ள முக்கியப் பரப்பில் 80 சதவீதமும், 40 நிமிடத்தில் பெரிய பார்வைப்பரப்பில் 95 சதவீதமும் தெளிய வேண்டும். விதி நல்லது, ஆனால் தாராளமானது. காலையில் வேலைக்குக் கிளம்பும் ஒருவர் 20 நிமிடம் காத்திருப்பாரா? சிறு துளையளவு சுரண்டிக்கொண்டு ஓட்டுவோரைச் சாலைகளில் இன்றும் பார்க்கலாம். தமிழர் பெருந்தொகையாக வாழும் டொரோண்டோவில் வீட்டுக்குள்ளிருந்தே எஞ்சினைக் கிளப்பும் ரிமோட்டுக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதும் அதனால்தான்.

காற்றை நம்பாமல் கண்ணாடியையே சூடாக்கும் வழி பின்புறக் கண்ணாடியின் மெல்லிய மின்கோடுகளாக முதலில் பரவியது. முன்புறத்தில் கோடுகள் கண்ணை மறைக்குமே என்ற தயக்கத்தை ஃபோர்டு 1985இல் தன் ஐரோப்பிய ஸ்கார்பியோ காரில் தீர்த்தது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே, உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் மென்கம்பிகளைப் பரப்பியது. எஞ்சின் சூடேறும் முன்பே பனி உருகும் இந்த ஏற்பாடு, குளிர்நாட்டு ஓட்டுநர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மைகளில் ஒன்று.

மின்காரில் வீண்வெப்பம் மிகக் குறைவு. பேட்டரியே உள்ளேயும் கண்ணாடிக்கும் சூடு தர வேண்டும். அமெரிக்க மோட்டார் சங்கமான ஏஏஏ 2019இல் வெளியிட்ட சோதனையில், சுமார் மைனஸ் 7 டிகிரியில் ஹீட்டரைப் போட்டு ஓட்டிய மின்கார்கள் சராசரியாக 41 சதவீதத் தூரத்தை இழந்தன. வெளிக்காற்றிலுள்ள சிறிதளவு வெப்பத்தையும் திரட்டி உள்ளே அனுப்பும் ஹீட் பம்ப்பை நிசான் லீஃப், ரெனோ ஜோயி ஆகியவை 2010களின் தொடக்கத்திலேயே ஏற்றன. குளிர் ஆழமாக ஆக அதன் திறனும் குறையும். 2020இல் வந்த டெஸ்லா மாடல் ஒய், கடுங்குளிரில் ஹீட் பம்ப்பின் கம்ப்ரசரை வேண்டுமென்றே திறன்குறைவாக ஓட்டி, வீணாகும் மின்சாரத்தையே வெப்பமாக்கி உள்ளே அனுப்புகிறது.